கடலம்மையின் சாம்பல்

கோனு புயல் வந்த வருஷம் அது, மக்களே. புயல் இன்னும் மஸ்கட்டுக்குத் தெற்கே எங்கோ கிடந்தது. ஓமானின் வடக்கே சோஹார் துறைமுகத்திலோ காற்றே இல்லை. எண்ணெய் ஊற்றினாற்போல் வழவழவென்று கிடந்தது கடல். கரையில் எந்நேரமும் கத்தும் காக்கைகள்கூட அன்று காலையிலிருந்து காணோம்.

லிண்டா துறைமுகத்துக் கிளினிக்கில் நர்ஸ். அவள் புருஷன் கிளிட்டஸ், பெரிய கப்பல்களை இழுக்கும் டக் போட்டில் இஞ்சின் பார்க்கிறவன். இரண்டு பேருக்கும் ஊர் குளச்சல் பக்கத்துக் கடற்கரை. கடலடி மண் தோண்டும் சீனக் கப்பலொன்றைப் புயலுக்கு முன் ஆழத்துக்கு இழுத்துப் போக வேண்டும் என்று அவன் போட்டுக்கு உத்தரவு வந்திருந்தது. சாயங்காலம் புறப்பாடு.

"போவாண்டாம். நான் டாக்டருட்ட சொல்லி சிக் லீவு வாங்கித் தாறேன்," என்றாள் லிண்டா.

"கடலுக்குப் பேடிச்சு லீவு போட்டேன்னு தெரிஞ்சா, எனக்க அப்பன் கல்லறையில இருந்து எழும்பி வந்து அடிப்பாரு," என்று சிரித்துவிட்டுப் போனான் அவன்.

அதே சீனக் கப்பலின் சமையல்காரர் லின், அன்று பிரஷர் பார்க்க வந்தார். லிண்டா அவர் கையில் பட்டையைத் தலைகீழாகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் தலைகீழாகவே சுற்றினாள்.

"தீதி, பிரஷர் எனக்கா உனக்கா?" என்று கேட்டார், வேலையிடத்தில் கற்ற உடைந்த இந்தியில். விஷயம் தெரிந்ததும் எழுந்துவிட்டார். "சலோ. எங்க அம்மா இருக்கா. சமுந்தர் அம்மா, கடலுக்கு அம்மா."

சீனக்காரர் கேம்ப்பின் பின்னால் சிவப்புப் பெயின்ட் அடித்த கன்டெய்னர் ஒன்று. அதுதான் கோயில். உள்ளே முழங்கை உயரத்தில் மரச்சிலை. தலைமுறை தலைமுறையாய்ப் புகை குடித்து முகம் கரிக்கட்டையாய் இருந்தது. லிண்டாவின் முழங்கால்கள் தாமாக மடங்கின. சிலுவை போட்டபிறகுதான் யார்முன் போட்டோம் என்று உறைத்தது.

லின் ஊதுவத்திச் சட்டியைக் காட்டினார். அவர் ஊரில் அம்மாவின் கோயிலுக்குப் பல நூறு வயதாம். கடலுக்குப் போகிறவர்கள் அந்தக் கோயில் சட்டியிலிருந்து ஒரு பிடி சாம்பல் அள்ளி வந்து புதுச் சட்டியில் போட்டுக்கொள்வார்களாம். "சாம்பல் இங்கே, கோயிலும் இங்கே," என்றார். அப்படியானால் அவள் நின்றது அந்தப் பழைய கோயிலுக்குள்தான்.

மூன்று வத்திகளைக் கொளுத்தி அவள் கையில் கொடுத்துச் சட்டியில் நடச் சொன்னார். காற்றில்லாத அறை. ஆனாலும் இரண்டு வத்திகள் விறுவிறுவென எரிந்து குட்டையாயின. ஒன்று மட்டும் நெட்டையாய் நின்றது. லின்னின் முகம் மாறியது.

"என்ன பாய்? என்ன அர்த்தம்?"

"மாஃபி. ஒண்ணும் இல்ல." அவளை ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னார். சட்டியிலிருந்து கொஞ்சம் சாம்பலை எடுத்துச் சிவப்புத் துணிப்பையில் கட்டித் தந்தார். "தண்ணியில போறவன் கழுத்துல போடு."

லிண்டா துறைமேடைக்கு ஓடினாள். டக் போட்டின் இஞ்சின் உறுமலுக்கு மேல் கத்தி, சீனக்காரர் கோயிலுக்குப் போன கதையைச் சொன்னாள்.

"சீனாக்கார மாதா என்ன சொன்னா? மலையாளமாவது பேசுவாளா?" என்றான் கிளிட்டஸ். பையைப் பார்த்ததும் கையை உதறினான். "தாயத்தா? பங்குச் சாமியார் கண்டா கோயிலுக்குள்ள ஏத்த மாட்டாரு. கழுத்துல ஒண்ணும் வேண்டாம்."

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பையை அவிழ்த்து, கட்டைவிரலால் சாம்பலைத் தொட்டு அவன் நெற்றியில் சிலுவை வரைந்தாள். சாம்பலும் சிலுவையும் சேர்ந்தால் அதோடு வரும் வசனமும் சேர்ந்துதானே வரும், மக்களே? சிறுவயது முதல் சாம்பல் புதன்தோறும் சாமியார் நெற்றியில் பூசும்போது கேட்டது, அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது:

"நீ மண். மண்ணுக்கே திரும்புவாய்."

கிளிட்டஸின் சிரிப்பு நின்றது. "என்னட்டி சொன்ன?"

"நான் சொல்லல்ல… ஐயோ, வாயில வந்துட்டு…"

துடைக்கக் கையைத் தூக்கியவன் பாதியில் நிறுத்தினான். அந்தச் சாம்பலைத் துடைத்துப் பழக்கமில்லை அவர்கள் ஊரில். துடைக்கவும் முடியாமல், அதோடு கடலில் இறங்கவும் முடியாமல், கயிறு கட்டும் இரும்புக் குற்றியின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"யல்லா கிளிட்டஸ், ஜல்தி!" கேப்டன் மேலிருந்து கத்தினார்.

கயிறு அவிழ்க்க வந்திருந்தான் ஷைஜு. இன்னொரு போட்டில் இஞ்சின் பார்ப்பவன். இவர்களின் பக்கத்து அறையில் மனைவி ஜெபிஷாவோடு இருப்பவன். "என்ன அண்ணே, சாம்பப் புதன் ஜூன் மாசத்துலயா வருது?" என்று நெற்றியைப் பார்த்துச் சிரித்தான். "முகமே சரியில்லையே. நீங்க இரிங்க, நான் போறேன்."

"லேய், வேண்டாம்ல…"

"ஒரு டூட்டிதானே! அக்கா, ஜெபிஷாட்ட சொல்லிருங்க." தாவி ஏறிவிட்டான்.

லிண்டா அவனைத் தடுக்கவில்லை. புருஷன் கரையில் இருந்தான். அவள் கேட்டது அதைத்தான்.

டக் போட் முன்னே போக, சீனக் கப்பல் மெல்ல நகர்ந்தது. அதன் பின்தட்டில் லின் நின்றார். லிண்டா கையசைத்தாள். அவர் அசைக்கவில்லை.

அறைக்குத் திரும்பியபோது ஜெபிஷா பொது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணன் போவல்லியா? மாதா காத்தா! இரிங்க, நெத்திலி வச்சிருக்கேன். எங்க வீட்டாளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே அக்கா, கயிறு அவுக்கத்தானே போனாரு?"

"ஷைஜு போட்டுல போயிருக்கான், ஜெபிஷா."

அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது. வெளியே தகரக் கூரையை முதல் காற்று தடவிப் பார்த்தது.

"இன்னைக்கு அவருக்கு டூட்டி இல்லியே. யாருக்குப் பதிலா அக்கா?"

கேட்டுக்கொண்டே கிளிட்டஸின் நெற்றியைப் பார்த்தாள்.