ஒன்பதாவது குறி

ஷேக் பரீத்தின் மகள் ஜெய்னம்பு இறந்து, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்த பிறகுதான் அவன் செம்பூர் ஆபீசுக்குத் திரும்பினான். அங்கே எந்தக் கம்ப்யூட்டரிலும் அவள் பெயர் இல்லை.

முன்பு இருந்தது. அந்தச் சின்னக் கம்பெனியின் வேலை, இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த கம்ப்யூட்டருக்குத் தமிழ் பழக்குவது. எண்பத்தேழில் அது யானைக்குக் கோலாட்டம் பழக்குகிற மாதிரி. மெஷினை நடத்துகிற ஆதாரப் புரோகிராமுக்குள் புகுந்து, எழுத்தைத் திரையில் வரைகிற இடத்தையும் சொல்லைச் சேமிக்கிற இடத்தையும் திருத்த வேண்டும். சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு சொல்லை அடித்துப் பார்ப்பார்கள். பரீத் மகள் பெயரை அடிப்பான். பாசம் மட்டும் காரணமில்லை. கொம்பு, புள்ளி, கீழே வளைகிற உகரம் என்று மெஷினைத் திணறடிக்கிற எல்லாம் அந்த ஒரே பெயரில் இருந்தன. "பொண்ணு பேரை வச்சே மெஷினை மிரட்டறியேப்பா" என்று மேலாளர் வானமாமலை கேலி செய்வார்.

கொம்பும் புள்ளியும் வழிக்கு வந்தன. கடைசி உகரம் மட்டும் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீத் மகளை அழைத்து வந்து காட்டினான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, திரையை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டினாள்.

"வாப்பா, எம் பேருக்கு வாலக் காணோம்."

"ஒட்டிருதேன் மக்கா. ஒட்டிட்டு ஒன்னியக் கூட்டிட்டு வாரேன்."

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் குடியிருந்த தாராவிச் சந்தெல்லாம் சாக்கடைத் தண்ணீர். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் தங்கவில்லை.

வானமாமலை தங்கமான மனிதர். துக்கத்தோடு வருகிறவன் கண்ணில் அந்தப் பெயர் படக்கூடாது என்று தேடித் தேடி அழித்து, எல்லா இடத்திலும் 'மாம்பழம்' என்று மாற்றியிருந்தார். மாம்பழம் குறையில்லாமல் வந்தது. பழுது தீர்ந்தது என்று நம்பி, முதல் மெஷினை மாட்டுங்காவில் ஒரு ஜவுளிக்கடைக்கு அனுப்பியும் விட்டார்கள். வீட்டிலும் இதே கதைதான். மனைவி ராபியா மகள் பெயரைச் சொல்வதில்லை, அவனும் சொல்வதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இருவரும் ஒருவருக்காக ஒருவர் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜவுளிக்கடைக்காரர் செல்லத்துரை ஒருநாள் நேரிலேயே வந்து சத்தம் போட்டார்.

"என்னய்யா மெஷின் இது? எங்கம்மா பேரு ஆவுடையம்மாள். அடிச்சு வச்சா ஆவுடையம்னு நிக்கி. மிச்சத்த எவன் தின்னான்?"

ஆபீசில் எல்லோரும் மாம்பழத்தை அடித்து அடித்துப் பார்த்தார்கள். அது முழுசாகத்தான் இருந்தது. பரீத்துக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்து மகள் பெயரை அடித்தான். 'ஜெய்னம்ப' என்று நின்றது.

கண்ணுக்கு அந்தப் பெயர் ஐந்தெழுத்து. மெஷினோ காலையும் கொம்பையும் புள்ளியையும் உகர வாலையும் தனித்தனிக் குறியாக எண்ணும். அதன் கணக்கில் ஒன்பது. ஒரு சொல்லுக்கு எட்டுக் குறிக்குத்தான் இடம் இருந்தது. ஒன்பதாவதை வெட்டிவிட்டது. மாம்பழம் சரியாக எட்டு.

வானமாமலை தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்ப்பா."

"தெரியும் சார்."

குறியை எண்ணுகிற மெஷினை எழுத்தை எண்ணச் செய்ய அந்த வாரம் முழுக்க ஆனது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயரை அடித்தான். ஒவ்வொரு தடவையும் பிள்ளை குறையாகவே வந்து நின்றாள். சனிக்கிழமை மாலை பெயர் முழுசாக வந்தது. வந்து என்ன, காட்டுவதற்கு ஆள் இல்லை.

மறுநாள் காரணம் சொல்லாமல் ராபியாவை பஸ்ஸில் அழைத்து வந்தான். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திரை முன்னால் நின்றாள். அவள் விரல் நேரே கடைசி எழுத்துக்குப் போனது.

"வால் வந்துட்டு" என்றாள்.

பரீத் திடுக்கிட்டான். "ஒனக்கு யாரு சொன்னா?"

"அவதான். காய்ச்சல்ல கெடக்கும்போது தெனமும் கேட்டா, வாப்பா வால ஒட்டிட்டாவளான்னு. கடேசி நாளும் கேட்டா. சொன்னா தாங்க மாட்டியன்னு ஒங்ககிட்ட சொல்லல."

"நீ என்ன சொன்ன?"

"ஒட்டிட்டாவன்னு சொன்னேன். எந்திரிச்சதும் போயிப் பாப்பம்னேன்."

பரீத் மேசையில் தலை கவிழ்ந்து, வாய்விட்டு அழுதான். ராபியா அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் சொல்லாத அந்தப் பெயரைத் திரையைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள். வெகுநேரம் கழித்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை அணைக்கக் கை நீட்டினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."