புத்திமதியால் எழுந்த சுவர்

1919ஆம் ஆண்டு தை மாதம் முதல், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த ரெங்கசாமியின் வீட்டுக்குள் யார் புத்திமதி சொன்னாலும் அது செங்கல்லாகத் தரையில் விழுந்தது. முதல் கல் கோயில் கமிட்டி வேலாயுதத்துடையது. ரெங்கசாமி தன் மாமியார் நல்லம்மாளைக் கப்பல் ஏற்றி நாகப்பட்டணத்துக்கு அனுப்பிவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது என்று அவர் சொல்லி முடித்ததும், அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் சூடு ஆறாத செங்கல் ஒன்று விழுந்தது. வேலாயுதம் அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. இருந்தாலும் மழைக்காலத்துக்கு முன் கூரையை ஆள் வைத்துப் பார்ப்பது உத்தமம் என்றார். இரண்டாவது கல் விழுந்தது.

குவாட்டர்ஸ் மக்கள் இதற்காக அதிகம் ஆச்சரியப்படவில்லை. அந்த வட்டாரமே ஒரு காலத்தில் செங்கல் சூளைகளாக இருந்ததுதான். கோலாலம்பூரின் பாதிக் கட்டடங்கள் அங்கே தோண்டிய மண்ணில் எழுந்தவை. மண்ணுக்குப் பழைய பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொரு விஷயம். பெண்டாட்டி போன பிறகும் ஓர் ஆண்பிள்ளை மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறானே என்பதுதான் அது.

ரெங்கசாமி ரயில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கும் வேலையில் இருந்தவர். அவருடைய மனைவி புஷ்பவல்லி முந்தின வருஷத்துப் பெருங்காய்ச்சலில் ஐப்பசியில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. மகளின் காரியம் முடிந்த கையோடு நல்லம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. குளிப்பாட்டவும் சேலை மாற்றவும் பக்கத்து வீட்டு இராஜம்மா காலையிலும் மாலையிலும் வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று வேளையும் உட்கார்ந்து ஊட்டிவிட அவரால் ஆகாது, அவருக்கும் ஓர் அடுப்பும் ஐந்து பிள்ளைகளும் இருந்தன. மற்றப் பெண்கள் முதல் மாதம் முறைவைத்து வந்தார்கள். அப்புறம் கைவேலை குறைந்து வாய்வேலை மட்டும் மிஞ்சியது.

சிக்கல் நல்லம்மாளிடம்தான் இருந்தது. மருமகன் எதிரில் மாமியார் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். கப்பலிலிருந்து போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கிய நாள் முதல் அவர் ரெங்கசாமியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் இருந்தவரை மகளிடம் சொல்லுவார். மகள் போன பிறகு கதவிடம் சொன்னார். "கதவே, அவங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு." ரெங்கசாமியும் கதவைப் பார்த்தே பதில் சொல்லிவிட்டுப் போவார். இது இருவருக்கும் சௌகரியமாகவே இருந்தது. ஆனால் கதவு கஞ்சி ஊட்டாது. வலது கை வரவில்லை. இடது கையால் சாப்பிட நல்லம்மாள் சம்மதிக்கவில்லை. மருமகன் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலோ, முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்வார். இராஜம்மா அவசரமாகத் தரும் இரண்டு வாய் கஞ்சியில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. மாசியில் அவருடைய கையில் இருந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அந்த அம்மாள் தன் வீட்டில் பட்டினியால் செத்துப்போய்விடுவார் என்று ரெங்கசாமி பயந்தார். பெட்டி கழுவும்போது அழுவார். அங்கே எல்லாமே ஈரம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் புத்திமதிகள் வந்து குவிந்தன. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். பத்துமலைக்குக் காவடி நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ரத்த சம்பந்தம் இல்லாதவளுக்கு எதற்கு இந்தப் பாடு என்றார்கள். இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் வருகிறவள் பார்த்துக்கொள்வாள் என்று சொன்னவர்கள் அதிகம். அந்தக் கல்யாணக் கற்கள் எல்லாமே ஒரு பக்கம் வேகாமல் விழுந்தன. பள்ளிக்கூட வாத்தியாருடைய கற்கள் நாலு மூலையும் சரியாக இருக்கும், தட்டினால் உள்ளே பொள்ளல். குவாட்டர்ஸைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரை, நோயாளியை இங்கே வைத்திருப்பது சுகாதாரத்துக்கு நல்லதல்ல என்று இங்கிலீஷில் சொன்னார். ஒரு கல் விழுந்தது. கூட வந்த ஆபீஸ் கிராணி அதைத் தமிழில் சொன்னார். இன்னொரு கல் விழுந்தது. துரை தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். வேலாயுதத்தின் கற்கள்தான் எல்லாவற்றையும்விடப் பெரியவை, நல்ல சிவப்பு, ஒன்றில்கூட விரிசல் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விழுந்த கற்களை வெளியே கொண்டுபோய்ப் போட ரெங்கசாமிக்கு ஏது நேரம்? நடக்கும் வழியிலிருந்து நகர்த்தி, மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தார். பங்குனியில் அந்தக் குவியல் கட்டிலுக்கு மேலே எழும்பிவிட்டது. ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு அதன் பின்னால் குந்தியவர், களைப்பில் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே இருந்துவிட்டார். அந்தப் பக்கம் முந்தானை விலகும் சத்தம் கேட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த சந்தில் கரண்டியை நீட்டினார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கரண்டி காலியாகத் திரும்பி வந்தது. கிண்ணம் தீர்ந்ததும் நல்லம்மாள் பேசினார். "செவுரே, உப்பு கொறச்சல்." புகார்தான், புத்திமதி இல்லை. கல் எதுவும் விழவில்லை.

மறுநாளே ரெங்கசாமி கிள்ளான் ஆற்றங்கரையில் மண் எடுத்து வந்து, குவியலைப் பிரித்து ஒழுங்கான சுவராகக் கட்ட ஆரம்பித்தார். இரண்டு கைகள் போகும் அளவுக்கு நடுவில் ஒரு துவாரம் விட்டார். வரிசை எழும்பியது, ஆனால் கல் போதவில்லை. தலையணையில் சாய்ந்தால் நல்லம்மாளுக்கு அவருடைய நெற்றி தெரிந்தது, நெற்றி தெரிந்தால் வாய் மூடிக்கொண்டது. இன்னும் ஒரு முழ உயரம் வேண்டும். கடையில் கல் வாங்கி வைத்தும் பார்த்தார், மண் அதைப் பிடிக்கவில்லை, உதிர்ந்து விழுந்தது. இப்போது அவருக்குப் புத்திமதி தேவைப்பட்டது, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. தங்கள் நல்லெண்ணம் காலில் விழுந்து நகத்தைப் பெயர்த்ததிலிருந்து ஊரார் அந்த வீட்டு வாசலிலேயே நின்று, மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். ரெங்கசாமி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். எல்லாரும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அடக்கமாகச் சொன்னார்கள். அந்த வட்டாரத்தில் அப்படி ஓர் அடக்கம் அதற்கு முன்னும் பின்னும் காணப்பட்டதில்லை.

கடைசியில் வேலாயுதத்திடம் போனார். "அண்ணே, ஒரு வாட்டி வீட்டுக்கு வந்து எனக்கு நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே." இந்த மாதிரி அழைப்பு தனக்கு ஆயுசில் வந்ததில்லை என்று வேலாயுதம் பிற்பாடு சொன்னார். மத்தியானம் வந்து உட்கார்ந்தவர், குடும்பம், கௌரவம், உடம்பு, சேமிப்பு, சனிப்பெயர்ச்சி என்று சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. ரெங்கசாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கல்லை எடுத்து வைத்தார். நடுவில் பக்கிரிசாமி வந்தார். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். காச நோய்க்காரரான தன் அண்ணனைக் கடைசி வரை தனி ஆளாக வைத்துப் பார்த்தவர். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணைக் குழைத்தார். விளக்கேற்றும் வேளையில் சுவர் முடிந்தது, வேலாயுதத்துக்குத் தொண்டையும் கட்டிவிட்டது.

அன்று முதல் நல்லம்மாள் சுவரிடமிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டார். வளையல் மணிக்கட்டில் நின்றது. துவாரத்தின் வழியே வரும் கைகள் கஞ்சி ஊட்டின, வாய் துடைத்தன, விழுந்துபோன வலது கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டன. அவை யாருடைய கைகள் என்று அவர் கேட்கவில்லை. சுவருக்கு ஆயுசு கெட்டி என்று மட்டும் இராஜம்மாவிடம் சொல்லுவார். மாமியாருக்கு உண்மையிலேயே தெரியாது என்று ரெங்கசாமி நம்பினார். குவாட்டர்ஸில் பாதிப் பேரும் அப்படித்தான் நம்பினார்கள்.

இரண்டு வருஷம் போனது. பெட்டி கழுவிவிட்டு வந்து சமைத்து ஊட்டி, துணி துவைத்து, மறுபடி பெட்டி கழுவப் போய்க்கொண்டிருந்த ரெங்கசாமி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியிலேயே உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார். அப்போது உள்ளே வந்த பக்கிரிசாமி அவரைத் தொட்டு எழுப்பி, பாயை விரித்து, கையால் அதைக் காட்டினார். வாயால் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு கல்லாகியிருக்கும். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் குந்தி, துவாரத்தில் கையை நீட்டினார். இராஜம்மா அப்போது துவைத்த சேலையை மடித்துக்கொண்டிருந்தார். நல்லம்மாள் ஒரு வாய் வாங்கினார். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செவுரே, இது எங்க மாப்பிள்ளை கை இல்லையே," என்றார்.

பக்கிரிசாமியின் கை நீட்டியபடியே நின்றது.

"அவங்க தூங்குறாங்களா?"

"தூங்குறாருங்க," என்றார் பக்கிரிசாமி.

"தூங்கட்டும். ரெண்டு வருஷமா அவங்க கை நடுங்குது." சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். இராஜம்மா தரையைப் பார்த்தார். கல் விழவில்லை. பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த ரெங்கசாமி அதைக் கேட்டாரா என்று பலரும் பல விதமாகச் சொல்கிறார்கள். மறுநாள் அவர் வழக்கம்போல் சுவருக்குப் பின்னால்தான் குந்தினார். நல்லம்மாளும் வழக்கம்போல் சுவரிடம்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பக்கிரிசாமியின் கை வந்தது.

நல்லம்மாள் 1924இல் காலமானார். கொள்ளியை ரெங்கசாமியே வைத்தார். யாரும் யோசனை எதுவும் சொல்லவில்லை. சுவர் அப்படியே நின்றது. குவாட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அதற்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்கள். 1931இல் வேலாயுதத்தின் மனைவி படுக்கையில் விழுந்தார். யாராவது வந்து நாலு வார்த்தை சொல்வார்களா என்று வேலாயுதம் தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். ஊரில் வாயைத் திறக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. நாலாம் நாள் ரெங்கசாமியும் பக்கிரிசாமியும் தள்ளுவண்டியில் கற்களோடு வந்தார்கள். சுவரிலிருந்து வேலாயுதத்தின் கற்களை மட்டும் பார்த்துப் பிரித்தெடுத்திருந்தார்கள். கொல்லையில் அவற்றால் அடுப்புக் கட்டி, பெரிய அண்டாவை ஏற்றினார்கள். வேலாயுதம் ஏதோ சொல்ல வந்தவர், ரெங்கசாமி நீட்டிய வாளியை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அந்தக் கற்கள் சூட்டை நன்றாகப் பிடித்தன. அந்த வீட்டில் வெந்நீருக்கு ஒருநாளும் குறைவு வரவில்லை.