இழுக்கக் கூடாத எழுத்து

குன்னம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மணிவேல் நடத்தும் ஃபிளெக்ஸ் கடையில் காலி இடம் என்ற பேச்சே கிடையாது. சதுர அடிக்குக் காசு கொடுப்பவருக்கு ஓர் ஓரம் சும்மா கிடந்தாலும் வயிறு எரியும் என்பது அவர் கட்சி. காதுகுத்து ஃபிளெக்ஸ் என்றால் தாய்மாமன்கள், அவர்களுடைய கூட்டாளிகள் எல்லாரையும் தாண்டிக் குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியும் இடம் மிஞ்சினால் எழுத்தை மவுஸால் பிடித்து ஓரம் வரைக்கும் இழுத்துவிடுவார்.

அங்கே டிசைன் செய்யும் தேவயானிக்கு இந்த இழுவை கட்டோடு பிடிக்காது. அவள் சொந்தமாக ஓர் எழுத்துரு வரைந்திருந்தாள். எல்லா எழுத்துக்கும் அடிப்படை ஒரே வட்டம், கோடெல்லாம் ஒரே கனம், முனையெல்லாம் உருண்டை. ‘ண’வின் சுழிகளை நெருக்காமல் உட்கார வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் வந்த அழகு இருக்கிறதே! சின்னதாகப் போட்டால்தான் சுழி அடைத்துக்கொள்ளும். பெயர்ப்பலகையில் பெரிதாகப் போட்டால் கண்ணை எடுக்க முடியாது. அதைத் தெருவில் ஒரு பலகையிலாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

அரியலூர் ரோட்டில் பணியாரக் கடை திறக்கவிருந்த புவனேஸ்வரி திரையில் பார்த்ததுமே சொக்கிப்போனாள். "இதேதான் வேணும் தேவயானி. கையில எடுத்து உருட்டலாம் போல இருக்கு."

மறுநாள் தேவயானி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மெஷின் ஓடி முடிந்திருந்தது. ஃபிளெக்ஸில் ஒரு வட்டம்கூட வட்டமாக இல்லை.

"ரெண்டு பக்கமும் சும்மா கெடந்துச்சும்மா. கொஞ்சம் இழுத்து வுட்டேன்" என்றார் மணிவேல், உபகாரம் செய்த முகத்தோடு. தேவயானிக்கு அழுகையே வந்துவிட்டது.

வாங்க வந்த புவனேஸ்வரியும் விடவில்லை. "என்னங்க இது, பணியாரத்து மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு?"

"தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க."

"அப்பத் தூரத்துல இருந்தே பாப்போம் வாங்கண்ணே" என்றாள் தேவயானி.

இழுக்காமல் இன்னொன்று அடித்து, இரண்டையும் கடை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, அவரை எதிர்ச்சாரிக்கு அழைத்துப் போனாள். நடுவில் பஸ்கள் போய்வந்தன. இழுத்த ஃபிளெக்ஸை அவர் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. மற்றது, ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே கிடைத்த சந்தில்கூட, குழியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல உருண்டு திரண்டு ‘பணியாரம்’ என்றது. மணிவேல் வெகுநேரம் பார்த்தார். பிறகு ரோட்டைக் கடந்துபோய், தான் இழுத்ததை அவரே அவிழ்த்துச் சுருட்டினார்.

அடுத்த வாரம் அழகேசன் என்பவர் மகள் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வந்தார். பணியாரக் கடை எழுத்தில்தான் பிள்ளை பெயர் வேண்டுமாம். திரையைப் பார்த்தவர் விரலை நீட்டினார். "இங்க காலியா இருக்கே, எங்க சின்ன மச்சான் பேரப் போட்டுருங்க."

மணிவேல் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அது காலி எடம் இல்லீங்க. எழுத்து உருண்டையாத் தெரியறதுக்கு விட்ட எடம். மச்சானக் கீழ வேற எழுத்துல போட்டுக்கலாம்."

புவனேஸ்வரி கொடுத்தனுப்பிய பணியாரத்தை உள்ளே தின்றுகொண்டிருந்த தேவயானி வாயிலிருந்ததை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.