ரெண்டு ஆள், நாலு பேர்

பெற்றீசியாவின் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கினால் லிந்துலையில் மழை விட்டுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் மிகை. மழை விடாது, அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக் கூரைக்கு மேலே மட்டும் தூறலாகக் குறையும், அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் புதுசு வந்தபோது கழித்துவிட்ட பெட்டி அது. உள்ளே இருப்பது டூவல் கோர் புரொசசர், அதாவது ஒரு மண்டைக்குள் இரண்டே மூளை. நாள்பட்ட மூளைகள். கொஞ்சம் யோசித்தாலும் சூடேறிவிடும். பின்பக்கத்து விசிறி தள்ளும் அனலில் அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருக்கும் யூஜினா தன் கைக்குழந்தையின் துணிகளைக் காயப்போடுவாள். ஆடி மாத அடைமழையில் அந்த மலை முழுவதிலும் காய்ந்த சட்டை போட்ட குழந்தை அது ஒன்றுதான்.

பகலில் பெற்றீசியா பிள்ளைக்காம்பராவில் இருப்பாள். கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாலையானதும் துப்பாக்கி எடுப்பாள். கம்ப்யூட்டர் ஆட்டத்தில்தான். ஐந்து பேர் கொண்ட ஓர் அணி இன்னோர் ஐந்து பேரைச் சுட்டு வீழ்த்த வேண்டும். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் ஆடுவார்கள். லிந்துலை அணியின் ஐவரில் அவள் ஒருத்தி. நாள் முழுக்க “அக்கா, கழுவி விடுங்க” என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு, ஹெட்செட்டில் “அக்கா, இடப்பக்கம் பாருங்கோ, எதிரி!” என்று ஒரு குரல் வருவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஆட்டத்தின் புது வேர்ஷன் வெளிவந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் அணியோடு போட்டி. வெள்ளிக்கிழமை அணித்தலைவர் கஜதீபன் குடையும் கையுமாக வந்து பெட்டியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவர்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. டூவல் கோரின்ர காலம் முடிஞ்சுது. புது வேர்ஷன் நாலு கோர் கேக்குது. உங்கட பெட்டியில ரெண்டுதான் கிடக்கு.”

“நாலுதானே சார் காட்டுது? இந்தா பாருங்க.” திரையில் நாலு கட்டங்கள் வரிசையாக நின்றன.

“அது உண்மையான நாலு இல்லை அக்கா. ஆள் ரெண்டுதான். ஒவ்வொருத்தனும் ரெண்டு ஆளின்ர வேலையைப் பாக்கிறன் எண்டு கணக்குக் காட்டுறான்.”

பஸ் கண்டக்டர் வேலை முடிந்து வந்து, விசிறிக்கு எதிரே காலுறையை விரித்துப் பிடித்திருந்தான் அவள் கணவன் அன்டன். “அட்ரா! ரெண்டு ஆளு நிக்கிறான், நாலு பேரு விழுந்திருக்கு! புள்ள, இது நம்ம தோட்டத்துச் சாமான்தான். சந்தேகமே வேணாம்!”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். மலைக்கு வராத ஆளுக்கும் பேர் விழுந்த கதை இல்லாத தோட்டம் கிடையாது. பெற்றீசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கஜதீபன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல் சுற்று ஆடிப் பாருங்கோ. படம் இழுபட்டுதெண்டா சாருஜனை இறக்கிப் போடுவன். பிறகு அந்த இடம் அவனுக்குத்தான். என்னில குறை நினையாதேங்கோ.”

சாருஜன் கஜதீபனின் அறைத் தோழன். அவன் கம்ப்யூட்டரில் எட்டு கோர். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் கோயில் திருவிழாவைப் போல எரியும். எந்த ஆட்டத்திலும் முதலில் சாவது அவன்தான். ஆனால் ஒரு துளி மங்கல் இல்லாமல் மிகத் தெளிவாகச் சாவான்.

சனிக்கிழமை பெற்றீசியா பெட்டிக்குப் பெரட்டு வைத்தாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பார்களே, அதே மாதிரி, உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தாள்.

“நீ யாரு? பிரிண்டரப் பாத்துக்கிறவனா? இங்க பிரிண்டரே இல்ல, நீ வூட்டுக்குப் போ. நீ? மணி காட்டுறியா? மணி பாக்க செவுத்துல கடிகாரம் இருக்கு, நீயும் போ.”

திரையின் பின்னணியாக வைத்திருந்த வேளாங்கண்ணி மாதா படத்தில் கை வைத்தபோதுதான் அன்டன் பதறினான். “ஏ புள்ள, மாதாவையுமா வேலய விட்டு நிப்பாட்டுற?”

“மாதாவுக்கு லீவுங்க. நாளைக்குப் பூசைக்குப் போய் நேர்ல பேசிக்கிறேன்.”

பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பனிக்காற்று நேராக உள்ளே போகட்டும் என்று ஜன்னலில் வைத்தாள். விடிந்து பார்த்தால் ஒரு அட்டைப்பூச்சி உள்ளே ஏறி, புரொசசரைக் கடித்துப் பார்த்து, ரத்தம் இல்லை என்று கண்டு, மனம் வெறுத்து வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. அன்டன் அதற்கு உப்புப் போடவில்லை. பாவம், பட்டது போதும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியது. விசிறி போட்ட இரைச்சலில் றொசல்ல ஸ்டேஷனில் ரயில் வருகிறதென்று மூட்டையைத் தலையில் தூக்கியவர்கள் இருந்ததாக அன்டன் இன்றும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு போகிறான்.

படம் ஓடவில்லை. ஒரு படம் வந்து நிற்கும்; அது அலுத்துப் போய் அடுத்தது வரும். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். பெற்றீசியா பிள்ளைக்காம்பராக்காரி. அங்கே பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. அது அடுத்து எந்த வாளிக்குள் தலையை விடப் போகிறது என்று பார்க்க வேண்டும். அவள் ஆளே இல்லாத ஒரு வாசலைப் பார்த்துச் சுட்டாள். தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அடுத்த படம் வந்தது. வாசலில் ஹட்டன்காரன் ஒருவன் மல்லாந்து கிடந்தான்.

ஹட்டன் பக்கத்தில் நிலைமை வேறு. அவர்களின் தலைவன் ஜெயகாந்தன் பெற்றீசியாவைக் கிணற்றடியில் கண்டு சுட்டான். அவள் கூரையில் நின்றாள். கூரைக்குச் சுட்டான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவள் நிற்கும் இடத்தை அவள் கம்ப்யூட்டர் உலகத்துக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அங்கிருந்து போயிருந்தாள்.

“டேய், அது பொம்பளையா பேயாடா?” என்ற ஜெயகாந்தனின் அலறல் எல்லாருடைய ஹெட்செட்டிலும் கேட்டது. “குண்டு போறதுக்குள்ள அந்தக்கா வேற ஊருக்குப் போயிருதுடா!”

கஜதீபன் தன் அணிக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகப் பேசினார். “அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. படம் இழுபடுதோ?”

பெற்றீசியா அன்டனைப் பார்த்தாள். ‘இல்லை’ என்று சொல்லும்படி அன்டன் தலையை ஆட்டினான். சொன்னால் இடம் போகும். ஆனால் பூசை முடிந்து வந்த வாய்.

“இழுபடுது சார்.”

“எவ்வளவு?”

“ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு கப் தேத்தண்ணி குடிச்சிரலாம் சார்.”

“எத்தினை பேரைச் சுட்டனீங்கள்?”

“நாலு பேரு சார். அஞ்சாவது ஆளயும் சுட்டுட்டேன்னு நெனைக்கிறேன். படம் வந்தாத்தான் தெரியும்.”

படம் வந்தது. ஐந்தாவதாக ஜெயகாந்தனே கிடந்தான்.

“சாருஜன்!” என்று கூப்பிட்டார் கஜதீபன். கொடுத்த வாக்கை மீறாத மனுசன். பக்கத்து நாற்காலியிலிருந்து சாருஜனின் குரல் தெளிவாகவே கேட்டது. “அண்ணை, கும்பிட்டன், என்னை விட்டிடுங்கோ. அந்த அக்கா இருந்த கதிரையில நான் இருக்க மாட்டன்.”

லிந்துலை வென்றது. ஆனாலும் அன்று முழுக்க கஜதீபன் பெற்றீசியாவிடம் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்களும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அன்றிரவு சோற்றில் மட்டும் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஹட்டனிலிருந்து ஜெயகாந்தன் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். நாலு கோர், அசல் நாலு. “அக்கா, இத வச்சிக்கோங்க. காசெல்லாம் வேணாம். எங்க பொடியன்மாரு ராவுல தூக்கத்துல பொலம்புறானுங்க. அந்தப் பழைய பெட்டிய மட்டும் விட்டுருங்க, புண்ணியமாப் போவும்.” பெற்றீசியா நன்றி சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

செய்தி எட்டிய கையோடு கஜதீபன் மழையில் ஓடி வந்தார். குடையை மறந்திருந்தார்.

“அக்கா! பழசைக் கழட்டிப்போட்டுப் புதுசைப் பூட்டிப் போட்டியளோ?”

“இல்ல சார். பிள்ளைக்காம்பராவுல வச்சிட்டேன். புள்ளைங்க பாட்டுப் பாக்குதுங்க.”

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “நல்ல வேளை. நான் சொன்னது சரிதான் அக்கா. இந்தக் காலத்து ஆட்டத்துக்கு டூவல் கோர் காணாது. ஒருக்காலும் காணாது. நாளைக்கு வகுப்பிலயும் அதைத்தான் சொல்லுவன். நீங்கள் மட்டும் அந்தப் பழைய பெட்டியில கை வையாதேங்கோ.”

“அப்ப என் எடம், சார்?”

“இடமோ? நீங்கள் எந்த இடத்தில நிக்கிறியள் எண்டு ஹட்டன்காரருக்கு இன்னும் தெரியாது. எங்கட அணியில நிக்கிறியள். அதை மட்டும் நான் எழுதித் தருவன்.”