பாண்டுங் கொட்டிய சனிக்கிழமை

சிங்கப்பூரில், புக்கிட் மேராவின் அந்தப் பழைய அடுக்குமாடி புளோக்கில், உமாமகேஸ்வரியின் வீட்டுக் கதவைத் திறந்தால் வீட்டுக்காரிக்கு முன்னால் நாற்றம்தான் வந்து வரவேற்றது. அழுகிய முட்டையும் சாக்கடையும் கைகோத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரு நாற்றம். சமையலறையிலிருந்துதான் வருகிறது என்று தெரியும். எந்த மூலையிலிருந்து என்றுதான் தெரியவில்லை.

அந்த வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவள் எப்சிபா. தெற்கத்தி நாசரேத்து ஊர்ப் பெண். தேக்கா கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம். லிஃப்ட் கொஞ்சம் தாமதமாக வந்தாலே வேலை போய்விடும் என்று படியில் இறங்கி ஓடுவாள்.

அன்று சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலமாரிகளைக் காலி செய்து துடைத்தாள். குளிர்பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். சுவரில் குப்பை போடும் குழாயின் வாயைக் கிருமிநாசினி தெளித்து மினுக்கினாள். நாற்றம் மட்டும் அசையவில்லை.

"எப்சி, மூக்கு இருக்கா இல்லையா உனக்கு?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார் உமாமகேஸ்வரி. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், மனதில் உள்ளது அப்படியே வாயில் வரும். "இந்த நாத்தத்துல என் வீட்டுக்கு ஆளக் கூப்பிடாத லா. நாளைக்கு செம்பவாங் வரைக்கும் உமா வீடு நாறுதுன்னு பேசுவாங்க. பிளம்பர் மண்டேதான் வர்றான். நான் தேக்கா போயிட்டு வர்றதுக்குள்ள போகலன்னா, கூட்டம் கேன்சல்னு சொல்லிடு."

"போயிடும் ஆன்ட்டி. போகப் பண்ணிடுறேன்."

"தரையில தண்ணி ஊத்திடாத. என் கால் ஞாபகம் இருக்குல்ல?"

அதை யார் மறக்க முடியும்? சில மாதங்களுக்கு முன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முழங்காலில் பிளேட் வைத்துக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து சமையலறைத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. எப்சிபா அந்தக் கட்டளையை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மாப்பைப் பிழிந்து பிழிந்து, ஈரம் படுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத்தான் துடைப்பாள்.

கூட்டம் என்பது சனிக்கிழமை ஜெபக்குழு. செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை செய்கிறவர்கள், பாசிர் ரிஸ்ஸில் வீட்டு வேலை பார்க்கிற பெண்கள் என்று எல்லாரும் ஊரைவிட்டு வந்தவர்கள். இத்தனை நாளும் இடம் கொடுத்த குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போனதிலிருந்து, பூங்காவில் கூடிப் பாதிப் பாட்டில் மழைக்கு ஓடியதுதான் மிச்சம். எப்சிபா ஆறு தடவை ஒத்திகை பார்த்து, கடைசியில் உமாமகேஸ்வரியிடம் கேட்டேவிட்டாள். "ஒரு தடவ வந்து பாடட்டும். எனக்குப் பிடிச்சா வாரா வாரம் வரட்டும். பிடிக்கலன்னா அதோட சரி" என்றார் அவர். கோயிலுக்குப் போகிறவர் அவ்வளவு சொன்னதே பெரிது. போதாக்குறைக்கு, குழுவை நடத்தும் கிதியோன் அண்ணன், "வீடு பிடிச்ச ஆளே செய்தியும் கொடுக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே அவள் தலையில் அதையும் கட்டிவிட்டார்.

செய்தியை, அதாவது பேசவேண்டிய பிரசங்கத்தை, போனில் தயாராக வைத்திருந்தாள். இருதயத்தைச் சுத்தம் செய்வது பற்றி. காரணம் இருந்தது. கொஞ்ச காலமாக அவள் ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தை வருவதில்லை. எங்கேயோ ஒரு பாவம் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதுதான் நாறுகிறது என்று நம்பி, தன்னையே அலசிக்கொண்டிருந்தாள். அகப்பட்டபாடில்லை.

போன் கிணுகிணுத்தது. அம்மா.

அம்மாவுக்கு அவள் அனுப்புவதெல்லாம் எழுத்துதான். வாயால் சொல்வாள், போன் அதை எழுத்தாக்கிக்கொள்ளும். குரலை அனுப்பினால் நடுக்கம் தெரிந்துவிடும். எழுத்து நடுங்காது. வந்த நாளிலிருந்து 'நல்லா இருக்கேன்மா' என்று ஒருமுறைகூட நடுங்காத எழுத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவோ குரலைத்தான் அனுப்புவாள். "ஏட்டி, ஒரு தடவையாவது ஒன் கொரல அனுப்பேன். எப்பப் பாத்தாலும் எழுத்து, எழுத்து. நான் என்ன பரீட்சப் பேப்பரா திருத்துதேன்?"

எப்சிபா போனை மேடையில் வைத்துவிட்டு, வருகிறவர்களுக்காகப் பாண்டுங் கலக்கினாள். பெரிய பானை நிறைய ரோஸ் சிரப்பும் பாலும் ஐஸ் தண்ணீரும். கலக்கியபடியே செய்தியை முணுமுணுத்தாள். இரண்டாவது வரி மறந்தது. பதறிப்போய்ப் போனை எட்டி எடுத்தாள். முழங்கை பானையில் இடித்தது.

பானை கவிழ்ந்தது.

இளஞ்சிவப்பு வெள்ளம் அடுப்படி முழுக்கப் பாய்ந்தது. மேடைக்கு அடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்த வடிகால் சல்லடை மூடியைத் தேடிப்பிடித்துக் 'களக் களக்' என்று இறங்கியது. பிசுபிசுப்பு போகவேண்டுமே! வேறு வழியில்லாமல், எது கூடாதென்று சொல்லப்பட்டதோ அதையே செய்தாள். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் கொட்டினாள். இன்னொரு வாளி. அப்புறம் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

சிங்கப்பூருக்கு வந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. விசும்பல் இல்லை, ஓவென்ற அழுகை. "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இங்க யாரும் இல்ல. எங்கம்மாவப் பாக்கணும் போல இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். எந்த ஒத்திகையும் இல்லாமல் வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன.

அழுது ஓய்ந்து, ஜன்னலை அகலத் திறந்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

நாற்றம் இல்லை.

தவழ்ந்துபோய் அரிசி டப்பாவை நகர்த்திச் சல்லடையைத் தூக்கினாள். போன் வெளிச்சத்தை அடித்தாள். கிண்ணம் மாதிரி ஒரு குழி, அதில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்தான் மூடி! அது நிற்கிறவரை கீழேயிருக்கிற சாக்கடைக் காற்று மேலே ஏறாது. தினமும் தரை கழுவிய காலத்தில் அது தானாக நிரம்பியிருக்கும். யாரும் ஒரு சொட்டுகூட விடாமல் பார்த்துக்கொண்டதில் காய்ந்துபோய்விட்டது. அழுக்கே இல்லாத இடத்தில் போய்க் காலையிலிருந்து அழுக்கைத் தேடியிருக்கிறாள்!

எப்சிபா கையில் சல்லடையோடு அப்படியே இருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

உமாமகேஸ்வரி திரும்பி வந்தபோது தரை காய்ந்திருந்தது. வாசலிலேயே நின்று மோப்பம் பிடித்தார். "எங்க போச்சு? என்னத்தப் போட்ட?"

"தண்ணி ஆன்ட்டி. தரையில ஊத்தினேன்."

"தண்ணியா! என்னக் கொல்லப் பாத்தியா?"

"தரையில வேண்டாம். அந்தக் குழிக்குள்ள மட்டும் வாரம் ஒரு குவளை. காஞ்சு போனதுதான் நாறியிருக்கு."

உமாமகேஸ்வரி சமையலறைக்குள் போய், மூலை மூலையாக மூக்கைச் செலுத்தி, திரும்பி வந்தார். "சரி, வரச் சொல்லு" என்றார். "ஆனா பாட்டு நல்லா இருக்கணும்."

மாலையில் கூடம் நிறைந்தது. செய்தி நேரம் வந்ததும் எப்சிபா எழுந்து, போனைத் திறக்காமலே சட்டைப்பையில் போட்டாள். கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"காலையிலருந்து இந்த வீடு நாறுச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற உமாமகேஸ்வரி, "ஏய்!" என்றார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

பாண்டுங் கொட்டியதையும் சேர்த்து அவள் முழுவதையும் சொன்னாள். "ஜெபம் வரலன்னா பாவம்னு நெனச்சு என்னையே தேச்சுத் தேச்சு எடுத்தேன். அழுக்கு இல்ல, நான் காஞ்சு போயிருந்தேன். அழுதா விசுவாசம் கொறஞ்சதுன்னு யாரும் நெனச்சிருவாங்களோன்னு எல்லாத்தையும் தொடச்சுத் தொடச்சு வச்சிருந்தேன். ஆண்டவரே சிநேகிதனோட கல்லறைக்குப் போற வழியில அழுதிருக்காரு. நான் யாரு, காய்ஞ்ச தரையாவே நிக்கிறதுக்கு? இன்னைக்கு அடுப்படியில ஒக்காந்து அழுதேன். ரொம்ப நாளைக்கப்புறம் ஜெபம் பண்ணினேன்."

பிறகு கிதியோன் அண்ணன், அந்தப் பெரிய மனிதர், கைக்குட்டையை எடுத்தார். "எங்கப்பா அடக்கத்துக்குக்கூட என்னால போக முடியல" என்றார். அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொருவராகப் பேசினார்கள், அழுதார்கள். அதற்குப் பின் எழுந்த பாட்டு, பூங்காவில் மழைக்குப் பயந்து பாடிய பாட்டில்லை. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்து, தலையாட்டிக்கொண்டே நின்றுவிட்டார்.

பாட்டின் நடுவில் எப்சிபா போனை எடுத்து, குரல் பதிவை அழுத்தினாள். "அம்மா, நான்தான். கேக்குதா? பயமாத்தாம்மா இருந்துச்சு. இப்ப இல்ல." குரல் உடைந்தது. அழித்துவிட்டுத் திரும்பச் சொல்லவில்லை. பாட்டும் சேர்ந்து பதியட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து உமாமகேஸ்வரி ஒரு குவளைத் தண்ணீரோடு அவளைக் கடந்து சமையலறைக்குள் போனார். களக் களக் என்று சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் போன் பக்கம் குனிந்து, பாட்டையும் மீறிக் கத்தினார்:

"அடுத்த சனிக்கிழமை பாண்டுங் நான் கலக்குறேன் லா! நீ கொட்டிடுவ!"

எப்சிபா கேட்டுப் பார்க்காமலே அதை அம்மாவுக்கு அனுப்பினாள்.