வெறும் நாலரை

ராசாங்கம் குத்திய முதல் குத்திலேயே செந்தில்குமாரின் மூக்குத்தண்டு உடைந்தது. அடுத்த குத்துக்கு நாற்காலியோடு சாய்ந்தான். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஆபீஸில் ஏழெட்டுப் பேர் இருந்தும் ஒருவரும் கிட்டே போகவில்லை.

"நேத்து வெடிக்கு ஏன்டா மெசேஜ் வரல? எங்கம்மாவுக்குக் கை போச்சுடா!"

ராசாங்கத்தின் அம்மா கொளஞ்சியம்மாள், முந்தின நாள் சாயங்காலம் சுரங்கத்தை ஒட்டிய காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது எதிர்க்காற்றில் கேட்கவில்லை. பாறைக்கு வைத்த வெடியில் பறந்து வந்த கல் முழங்கைக்குக் கீழே சதையும் எலும்புமாக நசுக்கிவிட்டது.

"நான் முந்தாநாளே நாலரைன்னு டைப் பண்ணி அனுப்புனேண்ணே..." வாயில் ரத்தம் கொப்பளிக்கச் சொன்னான் சூப்பர்வைசரான செந்தில்குமார். ராசாங்கம் அவன் விலாவில் மிதித்தான்.

சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் பூங்குழலி. சூப்பர்வைசர்கள் அனுப்பும் வெடி நேரத்தைப் படித்து, அரைமணி முன்னதாக ஊர்க்காரர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. நேரத்தை ஒருவர் 16:30 என்று போடுவார், இன்னொருவர் 4:30 PM என்பார். எல்லாவற்றையும் பிரித்துப் படிக்க வைத்திருந்தாள். வெறும் 4.30 என்று வந்தால்? எழுதும்போது யோசித்தாள்; யார் அப்படிப் போடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அதைத்தான் புரோகிராம் காலை என்று எடுத்துக்கொண்டிருந்தது. விடியுமுன்பே ஊருக்கு மெசேஜ் போய்விட்டது, வெடி வெடிக்கவில்லை. சாயங்காலம் வெடித்தபோது ஒரு போனும் ஒலிக்கவில்லை. இன்று காலை வந்ததும் அதைக் கண்டுபிடித்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ராசாங்கம் மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கினான். அவள் பாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சரியாத்தான் அனுப்புனாருங்க. நான் எழுதுன புரோகிராம்தான் சாயங்காலத்தக் காலையின்னு படிச்சிருச்சு. தப்பு என்னுதுங்க."

புறங்கையால் அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அடுத்த அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். அது விழவில்லை. கம்பி தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

"வா. ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கம்மாகிட்ட சொல்லு," என்றான். "மெசேஜ் வந்துருக்கும், நாந்தான் போனப் பாக்காம இருந்துட்டேன்னு நேத்துலேர்ந்து அழுவுது. நான் சொன்னா நம்பல."

பூங்குழலி முகத்தைக்கூடத் துடைக்காமல் அவன் பைக்கில் ஏறினாள். சிமெண்ட் லாரிகள் குழியாக்கிய ரோட்டில் வண்டி தூக்கிப்போட்டது. விழாமலிருக்க அவன் தோளைப் பிடித்தாள். செந்தில்குமாரின் ரத்தம் தெறித்து அவன் சட்டை பிசுபிசுத்தது. அந்தத் தோள் அழுகையில் குலுங்கிக்கொண்டே இருந்தது. எதிரே, வெள்ளைத் தூளைக் கிளப்பிக்கொண்டு வந்த லாரி ஒன்று அவர்களைக் கடந்து போனது.