இடது கால் குட்டையான அம்பு

ஏலக் கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பழைய பிரிட்டிஷ் வேட்டைத் துப்பாக்கி எது வந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பி விலைக்குப் போகாது. இரும்பில் மூன்று கோடு சேர்ந்த அம்பு முத்திரை இருந்தால் பட்டாளத்துச் சொத்து. இரண்டு அம்பு மூக்கோடு மூக்கு முட்டி நின்றால், பட்டாளமே விற்றுக் கழித்தது. வேட்டைத் துப்பாக்கியில் அந்த அம்பு கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விலை பல மடங்கு. அதனால், "நிஜம்தான்" என்று அவள் கையெழுத்துப் போட்டால் போதும், வாங்குகிறவன் மறுபேச்சு பேசமாட்டான். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கையெழுத்து பொய்த்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

ஊரார் கொண்டுவந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அண்ணன் கொண்டுவந்தால்? கூடப் பிறந்தவன், துப்பாக்கி பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவன். அவனைப் போய்ச் சோதிப்பாளா? அவன் கொண்டுவந்த நாலுக்கும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள், மகராசி.

அன்று காலை ஐந்தாவதை மேஜையில் வைத்தான்.

"சீக்கிரம் போட்டுக் குடு, பூதக்கண்ணாடி. வேலை கிடக்கு."

"பொறுண்ணா. இந்தத் தடவை பட்டியல்ல முத்திரையைப் பெரிசா வரைஞ்சு போடணுமாம், மேனேஜர் கேட்டிருக்கார்" என்று லென்ஸை எடுத்தாள்.

முத்திரையின் மேல் வைத்துப் பார்த்தாள். அம்பின் இடது கோடு பாதியில் நின்றிருந்தது.

அந்த அம்பை அவளுக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரின் துப்பாக்கியில் பார்த்து, நோட்டில் அப்படியே வரைந்துவைத்தாள். பிறகு டாக்டர் துருவைச் சுத்தம் செய்தபோது, இடது கோடு முழுசாகவே இருந்தது. பாதியைத் துரு மூடியிருந்திருக்கிறது. படத்தைத் திருத்த வேண்டும், திருத்த வேண்டும் என்று நினைத்தே விட்டுவிட்டாள். ஆக, குட்டைக் கால் அம்பு எந்த இரும்பிலும் கிடையாது. அவள் நோட்டில் மட்டும்தான் உண்டு.

அந்த நோட்டு யார் கைக்கும் போனதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் ஆபரேஷன் ஆகி, படிக்க முடியாமல் கிடந்தாள். அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினான். அப்பாவுக்கு அப்பாவாக இருக்கிறானே என்று அன்றைக்கு உருகிப் போனாள். பாவி!

அலமாரியைத் திறந்து பழைய நாலு துப்பாக்கிகளின் போட்டோக்களை எடுத்தாள். ஒவ்வொன்றின் மேலும் லென்ஸை வைத்தாள். நாலிலும் இடது கால் குட்டை.

"அண்ணா, இந்த முத்திரையை யார் அடிச்சது?"

"பட்டாளத்துக்காரன் அடிச்சிருப்பான். என்னைக் கேட்டா?"

நோட்டைத் திறந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். டாக்டர் கதையைச் சொன்னாள். அண்ணன் முகம் செத்துப் போனது. ஒரு நிமிஷம்தான். பிறகு கோபம் வந்தது, அதுவும் அவள்மேல்.

"ஒழுங்கா வரைஞ்சு வெச்சிருக்கக் கூடாதா? நீ வரைஞ்சபடிதானே நான் அச்சு வெட்டினேன்!"

அட, எப்பேர்ப்பட்ட வாய்! வேலி பயிரை மேய்வது கேள்விப்பட்டதுதான். பயிர் சரியாக விளையவில்லை என்று வேலி சண்டைக்கு வருமா?

"கண்ணு தெரியாம கிடந்தேனே, இதுக்குத்தான் பக்கத்துல உட்கார்ந்தியா?"

அவன் நோட்டை மூடி அந்தப் பக்கம் தள்ளினான். 'இல்லை' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள். அதற்கும் வக்கில்லை அவனுக்கு.

"சரி, இது ஒண்ணை விட்டுடு. அந்த நாலும் யாருக்குத் தெரியப் போகுது? உன் கையெழுத்து இருக்கு, எவனும் சந்தேகப்பட மாட்டான். நான் உன் அண்ணன்டி."

"அதனாலதான் லென்ஸ் வைக்காம போட்டேன்."

காகிதத்தை இழுத்து, வாங்கிய நாலு பேருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இத்தனை வருஷப் பேரும் இன்றோடு போச்சு என்று அவளுக்குத் தெரியும்.

"யார் பேரை எழுதுறே?" என்றான் பதறி.

"என் பேரை. பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்தானே?"

அப்பாடா என்று மூச்சு விட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான் அண்ணன்.

அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வரியில் அவன் பேரையும் எழுதினாள்.